"எட் டூ, ப்ரூட்டே?": குறுக்கெழுத்துக் கட்டங்களுக்குள் சீசரின் கேள்வி

கறுப்புக்கட்டம்:

ஆங்கிலக் குறுக்கெழுத்து போடுகிறவர்கள் எல்லாரும் லத்தீன் படித்தவர்கள் இல்லை. ஆனால் 'எட் டூ' என்ற இரண்டு சொல் தெரியாமல் அங்கே காலம் தள்ள முடியாது. கத்தியோடு வந்த புரூட்டஸைப் பார்த்து சீசர் கேட்டதாகச் சொல்லப்படும் "எட் டூ, ப்ரூட்டே?"தான் அது. கல்லூரி விடுதியிலிருந்து அலுவலக அரட்டை வரை நாம் "யூ டூ புரூட்டஸ்?" என்று கேட்கிறோமே, அதன் மூலம்.

அமெரிக்கப் புதிர்களில் இது நாலெழுத்து நிரப்பி: இ, டி, டி, யு. குறிப்பும் பெரும்பாலும் "கோடிட்ட இடம், ப்ரூட்டே?" என்ற அளவில்தான் இருக்கும். காரணம் கட்டத்தின் அமைப்பு. அங்கே ஒவ்வோர் எழுத்தும் குறுக்கே ஒரு சொல்லிலும் நெடுக்கே ஒரு சொல்லிலும் உட்கார வேண்டும். உயிரில் தொடங்கி உயிரில் முடியும் குட்டிச் சொற்கள் இல்லாமல் அந்தக் கட்டத்தை மூட முடியாது. பிரிட்டிஷ் கட்டத்தில் கறுப்பு அதிகம். ஏறத்தாழப் பாதி எழுத்துகளுக்குக் குறுக்கே எதுவும் போகாது. அதனால் அங்கே 'எட் டூ' இடம் நிரப்ப வருவதில்லை, வித்தை காட்ட வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது லெட்டூஸ். சாலட்டில் போடும் அந்த இலையின் ஆங்கில எழுத்துகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: எல், இ, டி, டி, யு, சி, இ. முதல் எழுத்தையும் கடைசி இரண்டையும் கையால் மூடுங்கள். மிச்சம் நிற்பது சீசரின் கேள்வி! எல் என்றால் இடது. சி, இ என்றால் ஆங்கிலத் திருச்சபை. ஆகவே குறிப்பு இப்படி அமையும்: "இடப்பக்கம், சீசரின் கேள்வி, திருச்சபை: சாலட்டுக்கு ஆகும் (7)." அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை.

இந்த ஒரு தொடரை வைத்து நீங்கள் பார்த்த, போட்ட, போட நினைத்த விளையாட்டுகளை எல்லாம் இங்கே இறக்குங்கள். கூடவே எனக்கு ஒரு வழக்கும் இருக்கிறது. "சீசரின் கடைசி வார்த்தைகள் (2,2)" என்று குறிப்பு கொடுத்து 'எட் டூ' என்று விடை எதிர்பார்ப்பது நியாயமா?


பென்சில்முனை:

நான் புதியவன். ஆங்கில கிரிப்டிக், அதாவது மறைகுறிப்புப் புதிர் பக்கம் இப்போதுதான் கால் வைக்கிறேன். இரண்டு சந்தேகம். லெட்டூஸ் குறிப்பில் எது நேர்ப்பொருள், எது விளையாட்டு என்று எப்படிப் பிரித்தீர்கள்? இன்னொன்று, சீசர் சாலட்டின் சீசர் வேறு ஆள் இல்லையா? அப்படியென்றால் அந்த இணைப்பே பொய்யாகிவிடாதா?


கறுப்புக்கட்டம்:

கிரிப்டிக் குறிப்பில் நேர்ப்பொருள் ஒரு முனையில்தான் இருக்கும், தொடக்கத்திலோ முடிவிலோ. நடுவில் ஒருபோதும் வராது. மிச்சம் முழுவதும் விடையின் எழுத்துகளைக் கட்டித்தரும் வேலை. வாக்கியமாகப் படிக்கும்போது அது எதைச் சொல்வதுபோல் இருக்கிறதோ, அதை நம்பவே கூடாது. லெட்டூஸ் குறிப்பில் 'சாலட்டுக்கு ஆகும்' நேர்ப்பொருள். அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் செங்கல்.

சாலட் விஷயம் நீங்கள் சொல்வது சரி. அது சீசர் கார்டினி என்ற இத்தாலியர், மெக்சிகோவின் டிஹுவானாவில் நடத்திய உணவகத்தில் பிறந்ததாகச் சொல்வார்கள். 1924 என்று ஆண்டும் சொல்வார்கள். ஜூலியஸ் சீசருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் நான் எழுதிய குறிப்பு "சீசரின் சாலட்" என்று எங்கும் சொல்லவில்லை. 'சீசரின் கேள்வி' தனி, 'சாலட்' தனி. படிக்கிறவர் மனம்தான் இரண்டையும் ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு அழகு: சீசர் சாலட்டில் போடும் லெட்டூஸ் வகைக்குப் பெயரே ரோமைன், அதாவது ரோம் நாட்டது.

ஆஃப்ரிட் என்ற பெயரில் புதிர் போட்ட ரிச்சி, 1949இல் வந்த தன் புதிர்த் தொகுப்பின் முன்னுரையில் இதைத்தான் சட்டமாக வைத்தார். புதிர் அமைப்பவர் சொல்வது ஒன்றாகவும் நினைப்பது வேறாகவும் இருக்கலாம். ஆனால் நினைத்ததைச் சொல்லியே ஆக வேண்டும். திசை திருப்பலாம், பொய் சொல்லக் கூடாது. நான் எந்தக் குறிப்பையும் இந்த ஒரே கோலால்தான் அளக்கிறேன்.


ரோமாபுரி:

அந்தக் கோலாலேயே அளந்தால் "சீசரின் கடைசி வார்த்தைகள்" தேறாது. மூன்று இடத்தில் இடிக்கிறது.

முதலில் நாடகம். 1599இல் அரங்கேறிய ஷேக்ஸ்பியர் நாடகத்தின் மூன்றாம் அங்கம், முதல் காட்சி. "எட் டூ, ப்ரூட்டே?" என்று கேட்ட பிறகு சீசர் நிறுத்தவில்லை. "அப்படியானால் விழட்டும் சீசர்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத்தான் சாகிறான். ஆக நாடகத்திலேயே இது கடைசி வார்த்தை இல்லை.

அடுத்து வரலாறு. கி.மு. 44 மார்ச் 15. கொலை நடந்த இடம் ரோமானியத் தளபதி பாம்பே கட்டிய அரங்கத்தோடு சேர்ந்த மன்றம். இன்று ரோமில் லார்கோ தி டோர்ரே அர்ஜெந்தீனா என்கிற சதுக்கத்தில் அந்த இடிபாடுகள் தெரு மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன, பூனைகள் உலாவுகின்றன. கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து எழுதிய சுவெடோனியஸ், சீசர் 23 குத்து வாங்கினார், முதல் குத்துக்கு ஒரு முனகல் மட்டும் வந்தது, வார்த்தை எதுவும் வரவில்லை என்கிறார். அதோடு, சிலர் இப்படியும் சொல்கிறார்கள் என்று ஒரு வரி சேர்க்கிறார்: புரூட்டஸ் பாய்ந்து வந்தபோது சீசர் "கை சு, தெக்னான்" என்றாராம். "நீயுமா, குழந்தாய்?" கவனியுங்கள், அது கிரேக்கம். லத்தீனே இல்லை.

புளூட்டார்க் எழுதியதில் சீசர் லத்தீனில் கத்துவது உண்டு. அது முதல் குத்து குத்திய காஸ்காவைப் பார்த்து, "பாவி காஸ்கா, என்ன செய்கிறாய்!" என்று. புரூட்டஸ் கையில் உருவிய கத்தியைக் கண்டதும் மேலங்கியைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டார், அவ்வளவுதான்.

மூன்றாவது இடி இன்னும் பெரியது. அந்தக் கிரேக்க வரி வேதனையான கேள்விதானா என்பதே ஐயம். துருக்கியின் அந்தாக்கியா அருங்காட்சியகத்தில் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுத் தரைச் சித்திரம் ஒன்று இருக்கிறது. நடுவில் ஒரு பெரிய கண். அதைத் திரிசூலமும் வாளும் குத்தி நிற்கின்றன. தேள், பாம்பு, நாய், பூரான், பறவை என்று ஆளுக்கொரு பக்கம் கண்ணைத் தாக்குகின்றன. ஓரத்தில் கொம்பு முளைத்த குள்ளன் ஒருவன் திரும்பி நிற்கிறான். மேலே இரண்டே சொல்: "கை சு." நம் வீட்டு வாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணி செய்கிற வேலையை அந்தச் சித்திரம் செய்கிறது. "உனக்கும் அப்படியே ஆகட்டும்" என்பது பொருள். இதை வைத்துச் சில அறிஞர்கள், சீசர் சொன்னதும் சாபமே என்கிறார்கள். உனக்கும் இதே கதி வரும் மகனே! கி.மு. 42இல் பிலிப்பி போரில் தோற்ற புரூட்டஸ் தன் வாளாலேயே மாண்டான் என்பதையும் சேர்த்துப் படித்தால் உடம்பு சிலிர்க்கிறது.

ஆகவே 'கடைசி'யும் இல்லை, சீசர் சொன்ன மொழியும் இல்லை, கேள்வி என்பதும் உறுதியில்லை. இப்படி ஒரு நேர்ப்பொருளைப் போடுகிற புதிர்க்காரர் வாசகரிடம் பொய்தான் சொல்கிறார்.


நாடகவாத்தியார்:

ரோமாபுரி ஐயா அடுக்கியது அருமை. ஒன்றைக் கூட்ட வேண்டும். இந்த லத்தீன் வரி ஷேக்ஸ்பியரின் கண்டுபிடிப்பும் இல்லை. 1595இல் அச்சான ஓர் ஆங்கில வரலாற்று நாடகத்திலேயே இதே சொற்கள் வந்துவிட்டன. யார்க் பிரபு ரிச்சர்டைப் பற்றிய நாடகம் அது. அதாவது 1599இல் அரங்கத்தில் நின்ற லண்டன்காரர்களுக்கு இது ஏற்கெனவே காதில் பழகிய தொடர். நாடகம் முழுக்க ஆங்கிலம் பேசும் சீசர் இந்த ஓர் இடத்தில் மட்டும் ஏன் லத்தீனுக்குத் தாவுகிறான் என்று மாணவர்கள் கேட்பார்கள். கூட்டம் காத்திருந்த வரி அது, அதனால்தான்.

குறுக்கெழுத்துக்காரர்களுக்கு ஒரு விருந்து சொல்கிறேன். இந்தப் பெயரை வைத்து முதலில் சொல்விளையாட்டு ஆடியவர்களில் ஷேக்ஸ்பியரும் ஒருவர். ஹாம்லெட் நாடகத்தில் பொலோனியஸ், தான் பல்கலைக்கழக நாட்களில் ஜூலியஸ் சீசராக நடித்ததைப் பெருமையாகச் சொல்வான்: கேப்பிடலில் என்னைக் கொன்றார்கள், புரூட்டஸ் என்னைக் கொன்றான். ஹாம்லெட் உடனே அடிப்பான்: அவ்வளவு கேப்பிட்டலான கன்றுக்குட்டியை அங்கே கொன்றது ப்ரூட்டான காரியம்தான். ஒரே வாக்கியத்தில் இரண்டு சிலேடை. ஒன்று மன்றத்தின் பெயரில், இன்னொன்று கொன்றவனின் பெயரில். ஆங்கிலத்தில் ப்ரூட் என்றால் மிருகத்தனமானவன். லத்தீனில் விளிக்கும்போது வரும் 'ப்ரூட்டே'யும் எழுத்தில் அதுவேதான். ஐந்தும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்.

அந்தக் குடும்பப் பெயரே ஒரு வேஷம். லத்தீனில் 'ப்ரூட்டஸ்' என்றால் மந்தபுத்திக்காரன். ரோமின் கடைசி மன்னன் டார்க்வினிடமிருந்து உயிர் தப்ப அசடனாக நடித்த லூசியஸ் யூனியஸுக்கு ஒட்டிய பெயர் அது. பிறகு கி.மு. 509இல் மன்னராட்சியை ஒழித்துக் குடியரசு அமைத்தவனும் அவனே என்பது மரபு. நம் மார்க்கஸ் புரூட்டஸ் அந்த வம்சம் என்று சொல்லிக்கொண்டவன். 'மன்னனாக ஆசைப்படுகிறவனை வெட்டு' என்பது அவனுக்குத் தாத்தா வழிச் சொத்து.


கறுப்புக்கட்டம்:

வாத்தியார் ஐயா, ஹாம்லெட் வரிக்கு நூறு நன்றி.

ரோமாபுரி சொன்ன 'கடைசி' விவகாரத்தில் நான் அவர் கட்சி. அந்த ஒரு சொல்லை நீக்கி 'சீசரின் கேள்வி', 'சீசர் வாயில் போட்ட குற்றச்சாட்டு' என்றால் பிழையில்லை. குறிப்பும் ஒன்றும் இளைத்துவிடாது.

இனி முழுத் தொடர். ஒன்பது எழுத்து, (2,2,5). இதை எப்படியெல்லாம் உடைக்கலாம் பாருங்கள்.

நான்கு செங்கல்லாக: இ.டி. என்றால் 1982இல் ஸ்பீல்பெர்க் கொண்டுவந்த வேற்றுக்கிரகவாசி. டி.யு. என்றால் தொழிற்சங்கம். ப்ரூட் என்றால் இனிப்பு மிகக் குறைந்த ஷாம்பெயின்; பி, ஆர், யு, டி. கடைசி 'இ' கிழக்கு. ஆக, "வேற்றுக்கிரகவாசி, தொழிற்சங்கம், ஷாம்பெயின், கிழக்கு: நண்பனால் குத்துப்பட்டவன் கேட்டது." அந்த ஷாம்பெயினோடு 'நாங்கள்' என்பதன் ஆங்கில இரண்டெழுத்தைச் சேர்த்தால் புரூட்டஸே வந்துவிடுவான்.

கலைத்துப்போட்டு: 'ட்ரூ ப்யூட்' என்ற இரண்டு ஆங்கிலச் சொல் எடுங்கள். முதலாவது உண்மை, இரண்டாவது அமெரிக்க மேற்கில் தனித்து நிற்கும் மொட்டைக் குன்று, பி, யு, டி, டி, இ. ஒன்பது எழுத்தும் அப்படியே சரியாக விழும். கடைசிச் சொல்லை மட்டும் கலைத்தால் கிழங்கு என்ற பொருளில் 'ட்யூபர்', மறுத்துரை என்ற பொருளில் 'ரிபட்' இரண்டும் கிடைக்கும்.

இந்தக் கதையைச் சுற்றியுள்ள மற்றப் பெயர்களும் சொன்னபடி கேட்கின்றன. மார்ச் 15க்கு ரோமானியர் சொன்ன 'ஐட்ஸ்' கலைந்தால் 'டைஸ்', அதாவது சாகிறான். சீசர் கலைந்தால் 'எ ஸ்கேர்', ஒரு திடுக்கிடல். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது செனட்டர். எஸ், இ, என், ஏ, டி, ஓ, ஆர். ஏழையும் கலைத்துப் பாருங்கள்: ட்ரீசன். ராஜத்துரோகம்! "நேர்மை குலைந்த செனட்டரின் குற்றம் (7)." அறுபது பேருக்கு மேல் சதியில் இருந்தார்கள் என்கிறார் சுவெடோனியஸ். அந்த மன்றம் முழுவதும் இந்த ஒரு குறிப்புக்குள் அடங்கிவிட்டது. இதை யார் முதலில் கண்டாரோ, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.


ஸ்காபரோவாசகி:

நான் டொரோண்டோப் பக்கமிருந்து எழுதுறன். இந்த இழையை வாசிக்க வாசிக்க ஆசையாக் கிடக்குது.

ஒளிச்சு வைக்கிற வகையை ஒருத்தரும் சொல்லேல்லை. 'சீக்ரெட் டனல்' எண்டால் ரகசியச் சுரங்கம். முதல் சொல்லின்ரை கடைசி ரெண்டு எழுத்தையும் அடுத்த சொல்லின்ரை முதல் ரெண்டு எழுத்தையும் சேருங்கோ. 'எட் டூ' வருது. "ரகசியச் சுரங்கத்துக்குள்ளே சீசரின் கேள்வி" எண்டு குறிப்பு எழுதினால், ஒளிச்சு வைச்ச இடத்தையே சொல்லி ஒளிச்ச மாதிரி. 'வெல்வெட் ட்யூனிக்' எண்டாலும் சரிவரும். உடுப்புக்குள்ளை கத்தியை மறைச்சுக்கொண்டு வந்தவங்கள்தானே.

இன்னொண்டு. நேர்மை பற்றிக் கதைக்கிறீங்கள். லண்டன் அப்சர்வர் பத்திரிகையில 1926இல புதிர் போடத் தொடங்கினவர் வைச்ச புனைபெயர் டார்க்கிமாடா. அவருக்குப் பிறகு 1939இல வந்தவர் ஸிமினீஸ். 1972இல வந்தவர் அசெட். முதல் ரெண்டும் ஸ்பெயினில ஆக்களை வதைச்ச மதவிசாரணைத் தலைவர்களின்ரை பேர். அசெட் எண்டதைப் பின்னாலை இருந்து வாசிச்சால் டேசா, அவரும் அதே பதவியில இருந்தவர்தான். பேர் கொடுமையானது. ஆனால் வாசகருக்கு நியாயம் வேணும் எண்டு இருக்கிறதிலேயே கண்டிப்பா நிண்டவை ஸிமினீஸும் அவர் வழி வந்தவையும்தான். சரியான நேர்ப்பொருள், நியாயமான விளையாட்டு, அதுக்கு மேல ஒரு சொல்லும் கூடாது எண்டது அவையின்ரை கட்டளை.


உக்குறள்:

லத்தீனுக்குள் நம் இலக்கணம் கைகொடுக்கும் ஓர் இடம் சொல்கிறேன்.

'புரூட்டஸ்' ஏன் 'ப்ரூட்டே' ஆனான்? அழைக்கும்போது பெயர் திரிகிறது. கண்ணன் கண்ணா ஆவதுபோல. நமக்கு இது விளி வேற்றுமை. எத்தனையாவது? எட்டாம் வேற்றுமை. அந்தப் பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு லத்தீன் சொல்லைத் தமிழ்க் காதால் கேளுங்கள்: எட்டு! பெயர் எந்த வேற்றுமையில் நிற்கிறது என்று முன்னாலேயே எண் சொல்லிவிடுகிறது. தற்செயல்தான். ஆனாலும் கிரிப்டிக் போடுகிறவனுக்குத் தற்செயல்தானே மூலப்பொருள்.

அதை வைத்து ஒரு தமிழ்க் குறிப்பு:

"சீசரின் கேள்வி குறுகி ஒலித்து, தகப்பனோடு சேர்ந்தால் காட்டிக்கொடுப்பவன் (6)"

பிரித்துக் காட்டிவிடுகிறேன். 'எட் டூ' குறுகினால் எட்டு. தகப்பன், அப்பன். எட்டு வன்தொடர்க் குற்றியலுகரம். "உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்" என்பது நன்னூல். உகரம் ஓட, டகரத்தின் மேல் அகரம் ஏற, எட்டப்பன். எ, ட், ட, ப், ப, ன், ஆறு கட்டம்.


பென்சில்முனை:

கை தட்டிவிட்டேன். "குழந்தாய்" என்று சீசர் அழைத்ததற்கும் இங்கே தகப்பன் வந்து சேர்வதற்கும் பொருத்தம் பாருங்கள்!


கரிசல்மண்:

விளையாட்டின் கட்டுமானத்தில் குறை இல்லை. நேர்ப்பொருளில் எனக்கு மனத்தாங்கல் இருக்கிறது.

எட்டப்பன் என்பது ஒரு தனி மனிதனின் பெயர் இல்லை. எட்டயபுரம் பாளையக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வந்த பட்டம். 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதோடு அந்தப் பட்டம் துரோகத்துக்கு மறுபெயராகிவிட்டது. மேடையும் சினிமாவும் அதை ஆணி அடித்து நிறுத்திவிட்டன. அன்றைக்குப் பாளையங்களுக்குள் இருந்த எல்லைச் சண்டை, கும்பினியோடு யார் யார் எப்போது எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதெல்லாம் சிக்கலான கதை. எங்கள் பக்கத்தில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர் ஒரு சிரிப்புச் சிரிப்பார். பாரதி பிறந்த ஊர் அது. அங்கே பிறந்த பிள்ளை அந்தச் சிரிப்பை ஏன் வாங்க வேண்டும்?

சீசரின் 'கடைசி வார்த்தை' பொய் என்று இங்கே பக்கம் பக்கமாக வாதாடினீர்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்த ரோமானியனுக்கு அவ்வளவு நியாயம் கேட்டவர்கள், இங்கே நம் பக்கத்து ஊருக்கும் அதே அளவு கேட்க வேண்டும்.


ஸ்காபரோவாசகி:

கரிசல்மண் அண்ணை சொன்னதில உண்மை இருக்கு. எங்கட பக்கம் காட்டிக் குடுத்தவனுக்குப் பேர் காக்கை வன்னியன். வன்னியில வெள்ளைக்காரரை எதிர்த்து நிண்ட பண்டார வன்னியன் கதையோட சேர்ந்து வாற பேர் அது. ஆக, உக்குறளின்ரை குறிப்பு யாழ்ப்பாணத்து ஆளுக்கோ வன்னி ஆளுக்கோ உடனே எட்டாது. 'துரோகி' எண்ட சொல்லும் எங்களுக்கு லேசான சொல் இல்லை. ஒருத்தரின்ரை பேருக்கு முன்னாலை அதை எழுதினபடியால் போன உயிர்கள் எத்தனை. ஆளைச் சொல்லாமல் செயலைச் சொல்லிற குறிப்பு எண்டால் எனக்கு மனசுக்கு ஏற்கும்.


ரோமாபுரி:

ஆளைச் சொல்வதில் ரோமிலேயே குழப்பம்தான். சதியில் இரண்டு புரூட்டஸ். அன்று காலை உடம்பு சரியில்லை, மனைவி கெட்ட கனவு கண்டாள் என்று வீட்டிலேயே இருக்க நினைத்த சீசரைப் பேசிப் பேசி மன்றத்துக்கு அழைத்து வந்தவன் டெசிமஸ் புரூட்டஸ். உயிலில் இரண்டாம் நிலை வாரிசாக சீசர் அவன் பெயரையும் எழுதியிருந்தார். நெருங்கியவன் செய்த துரோகம் என்று பார்த்தால் அவன் கணக்குத்தான் பெரியது. ஆனால் உலகம் திட்டுவது மார்க்கஸை. தாந்தே தன் நரகத்தின் அடியாழத்தில், லூசிஃபரின் மூன்று வாயில் அரைபடுபவர்களாக யூதாஸோடு சேர்த்து வைத்ததும் மார்க்கஸையும் சதியில் அவன் கூட்டாளியான காசியஸையும்தான். டெசிமஸ் அங்கே இல்லை. நாடகத்திலும் அவன் பெயரை டெசியஸ் என்று மாற்றி ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

ஊரார் சொல்வதை நேர்ப்பொருளாக வைக்கலாம் என்று நினைப்பவர்கள், "ஊரார் சொல்வது" என்ற பொருள் தரும் ஒரு சொல்லையாவது குறிப்பில் வைக்கட்டும். 'சீசர் கேட்டதாகச் சொல்வது', 'கதைகளில் காட்டிக்கொடுப்பவன்' என்று. கூடுதலாக ஒரு சொல் ஆகும், அதனால் என்ன?


நாடகவாத்தியார்:

எனக்கு இதில் மாறுபாடு உண்டு. ஷேக்ஸ்பியரின் சீசர் கேட்டதை 'சீசர் கேட்டது' என்று சொல்வதில் பொய் எதுவும் இல்லை. நாடகத்தில் வரும் சீசரும் ஒரு சீசர்தான். கட்டத்துக்குள் வந்து நிற்பவன் அவன். சுவெடோனியஸின் சீசருக்குக் கிரேக்கம் கொடுங்கள், இவனுக்கு லத்தீன் கொடுங்கள். ஆனால் எட்டப்பன் விஷயத்தில் நான் கரிசல்மண் பக்கம். சீசர் குறிப்பால் இன்று வருத்தப்பட ரோமில் யாரும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு வருத்தம் உண்டு.


உக்குறள்:

கரிசல்மண் அவர்கள் கேட்டது மனத்தில் பதிந்தது. அந்தக் குறிப்பை என் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுகிறேன். ஆளைச் சுட்டாத ஒன்று:

"லத்தீனில் 'உம்' தன் முன்னால் நிற்க ஏமாற்றுக்காரன் (4)"

லத்தீன் டகரத்தை இத்தாலியர் நாக்கை மேலே மடிக்காமல் பல்லில் வைத்துத்தான் சொல்வார்கள். ஆகவே 'எட்' என்பதைவிட 'எத்' என்பதே ஒலிக்கு நெருக்கம். எத், தன். இரண்டும் அப்படியே ஒட்டும், எத்தன். புணர்ச்சி விதியைக்கூடக் கூப்பிட வேண்டியதில்லை. எத்துதல் என்றால் வஞ்சித்தல், எத்துவாளி என்றால் வஞ்சகன். அவர்களின் 'நீயுமா'வைச் சரியாக உச்சரித்தாலே நம் மொழியில் வஞ்சனை வந்து நிற்கிறது.


கறுப்புக்கட்டம்:

எத்தன் அப்பழுக்கில்லாத குறிப்பு. உக்குறள் காட்டிய 'எத் தூ' உச்சரிப்பைப் பிடித்துக்கொண்டு நானும் ஒன்று கட்டியிருக்கிறேன். ஸ்காபரோவாசகி கேட்டபடி ஆள் இல்லை, செயல்தான்.

"குறுகிப்போன லத்தீன் நீ, ரோமுக்குள் ஒன்று: சீசருக்கு நண்பர்கள் செய்தது (4)"

விடையை நான் சொல்லப் போவதில்லை. பென்சில்முனை முதலில் முயலட்டும்.


பென்சில்முனை:

நேர்ப்பொருள் கடைசியில் இருக்கிறது, 'சீசருக்கு நண்பர்கள் செய்தது'. கொலை என்றால் இரண்டே எழுத்து. சதி என்றாலும் இரண்டுதான். அதனால் செங்கல்லிலிருந்து போனேன்.

லத்தீனில் நீ, 'தூ'. நெடில் குறுகினால் 'து'. அடுத்து ரோமுக்குள் ஒன்று. ரோம் இரண்டு எழுத்து: ரோ, ம். நடுவில் ஏதோ ஓர் எழுத்து நுழைய வேண்டும். 'ஒன்று' எப்படி ஓர் எழுத்து ஆகும் என்று அரை மணி நேரம் முட்டினேன். பழைய பஞ்சாங்கத்தில் தமிழ் எண்கள் ஞாபகம் வந்தது. ஒன்று என்பதைத் தமிழ் எண்ணில் எழுதினால் 'க' போலவே இருக்கும். ரோ, க, ம்.

து, ரோ, க, ம்!


உக்குறள்:

ரோமுக்குள் ஒருவன் புகுந்து துரோகம் ஆக்கிவிட்டான். தமிழில் இந்தச் சொல் இப்படிப் பிளக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. 'ரோம்' மகர மெய்யில் முடிவதால்தான் இது நடக்கிறது.


ஸ்காபரோவாசகி:

என்ரை மகளுக்குப் போட்டுக் காட்டினன். 'து' கண்டுபிடிச்சிட்டாள், 'ரோம்' கண்டுபிடிச்சிட்டாள். 'க'வில நிண்டுபோனாள். இங்க வளர்ற பிள்ளையளுக்குத் தமிழ் எண் தெரியாது. அங்கயும் கனபேருக்குத் தெரியாது எண்டுதான் நினைக்கிறன். 'ஒன்று' எண்டு மொட்டையாச் சொன்னால் அது வாசகருக்குப் போதுமான உதவியோ? ஒரு சொல் கூட்டுங்கோ.


கறுப்புக்கட்டம்:

கூட்டிவிட்டேன். வரும் புதிரில் 14 குறுக்காக இப்படித்தான் போகும்:

"குறுகிப்போன லத்தீன் நீ, ரோமுக்குள் தமிழ் எண் ஒன்று: சீசருக்கு நண்பர்கள் செய்தது (4)"